மிதிக்காமல் ஓடிய சைக்கிள்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இறக்கம் என்றால் என்னவென்று தெரியாது. விரித்துப் போட்ட பாய் போலக் கிடக்கிற மண் அது. எங்கே போவதென்றாலும் முழுத் தூரத்தையும் மிதித்துத்தான் போகவேண்டும். கடலைக் கடக்கிற பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்று அடிக்கிற நாட்களில் எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள் அசைய மறுக்கும். ஆகவே எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும் என்று நான் மார்தட்டிக்கொண்டதெல்லாம் மட்டமான தரையில் ஓடத் தெரியும் என்பதைத்தான். இந்தச் சின்ன விசயம் முப்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு பனிச்சறுக்கு மலையின் உச்சியில், கோடை வெயிலில், வாடகைச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. மனைவியும் மகளும் ஊரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் வந்து பதினொரு வருடம். நான் வெளிக்கிட்டபோது மகள் ஏணைத் தொட்டிலில் கிடந்தவள். வந்திறங்கியபோது அவளுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. விமான நிலையத்தில் தாயின் பின்னால் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதன் பிறகும் என்னோடு நேரே பேசமாட்டாள். சோற்றுக்கு உப்புக் காணாதென்றால்கூட, நான் பக்கத்தில் இருக்கும்போதே, "அம்மா, உப்பை இஞ்சாலை தரச் சொல்லுங்கோ" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். யாரில் கோபிப்பது? உப்பை எடுத்துக் கொடுப்பேன்.

கோபத்தை நான் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வெளியே காலடி வைத்தால் நான்தான் எல்லாம் தெரிந்த ஆள். சப்வேயில் எந்தப் பக்கம் ஏறுவது, வங்கி மெஷினில் எந்தப் பொத்தானை அமத்துவது, டொக்டர் என்ன சொல்கிறார், வீட்டுச் சொந்தக்காரன் ஏன் கத்துகிறான், எல்லாவற்றுக்கும் நான்தான் விளக்கம். மனைவி ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டுத்தான் நடப்பாள். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த ஆளுக்கு ஏதோ தெரியும் என்று அவள் ஒருநாள் நினைப்பாள், அன்றைக்கு என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவாள் என்பது என் கணக்கு.

என் ஆங்கிலத்தின் இலட்சணத்தை இங்கே சொல்லிவிடவேண்டும். பதினொரு வருடத்தில் பத்து வருடம் ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, பிறகு சமைத்துக் கழித்தவன் நான். அந்தக் குசினியில் எல்லோரும் எங்கடை ஆட்கள். முதலாளி பேசிய ஆங்கிலமும் வெங்காயம், கோழி, கெதியாய் என்ற அளவோடு நின்றது. வெளியே யாராவது கடகடவென்று பேசினால் எனக்குப் பாதிதான் பிடிபடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். சிரித்தபடி "யா, யா" என்று தலையாட்டுவது. ஆள் போன பிறகு, இடத்தையும் முகத்தையும் வைத்து ஊகித்து, தமிழில் திருத்தமாகச் சொல்லுவது. பத்துக்கு எட்டுத் தடவை சரியாகவே வரும்.

மலைக்குப் போகிற யோசனை குசினியில்தான் கிடைத்தது. பனி இல்லாத மாதங்களில் அங்கே சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், கம்பியில் ஓடுகிற கதிரையில் இருத்தி மேலே கொண்டுபோய் விடுவார்கள், பிறகு உருண்டு வரவேண்டியதுதான் என்று கூட வேலை செய்த ஒருவர் சொன்னார். எனக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. சைக்கிள்! நான் யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் முறிகண்டிக் கோயில்வரை போன கதையை மகள் காதில் விழும்படி எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இப்போது கண்ணாலேயே பார்க்கட்டும்.

மனைவியிடம் சொன்னபோது, "பிள்ளை விழமாட்டாளே?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் இருக்கிறனெல்லோ," என்றேன். மகள் எங்கள் கட்டடத்துக் கார்த் தரிப்பிடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளில் பழகி நன்றாக ஓடுவாள். மனைவியைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். கலியாணம் முடித்த புதிதில் நான்தான் அவளைச் சைக்கிள் பாரில் இருத்தி ஏற்றிக்கொண்டு திரிந்தேன். அவள் தனியே ஓடி நான் கண்டதில்லை. "உமக்கு ஓடத் தெரியுமே?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் ஓடுவன்," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்லட்டும் பிளாஸ்கில் தேத்தண்ணீரும் கட்டிக்கொண்டு, எங்கள் ஸ்காபரோ வீட்டிலிருந்து வெளிக்கிட்டோம். நானூறாம் நெடுஞ்சாலை வடக்கே போகப் போக வீடுகள் குறைந்து வயல்கள் வந்தன. கொலிங்வூட் என்ற ஊரை நெருங்கியபோது மகள் தாயின் தோளைத் தட்டி வெளியே காட்டினாள். எதிரே நிலம் எழுந்து நின்றது. காட்டை வெட்டி விட்ட பச்சைப் பாதைகள் உச்சியிலிருந்து அடிவரை நீளநீளமாக இறங்கின. கோபுரத்தை விட உயரமான எதையும் பார்க்காமல் வளர்ந்தவர்கள் நாங்கள். கார் தானாகவே மெதுவாகிவிட்டது. நான் காலை எடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

சைக்கிள் தருகிற இடத்தில், வெயிலில் மூக்குச் சிவந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்கள் தலைகளுக்குப் பாதுகாப்புத் தொப்பி மாட்டினாள். பிறகு ஒரு சைக்கிளைப் பிடித்து வைத்துக்கொண்டு கடகடவென்று பேசத் தொடங்கினாள். மகள் சற்றுத் தள்ளி ஒரு சின்னச் சைக்கிளில் ஏறி வட்டமடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கைப்பிடிக் கான்டிலின் இடப்பக்கப் பிறேக்கைத் தொட்டாள், விரலை ஆட்டினாள், என் முகத்தைப் பார்த்து இன்னொரு தரமும் எதையோ சொன்னாள். நான் சிரித்தேன். "யா, யா."

"என்னவாம்?" என்று மனைவி கேட்டாள்.

"கவனமாப் போகட்டாம். தொப்பியைக் கழட்டக் கூடாதாம்," என்றேன்.

மனைவி கான்டிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஓம்," என்றாள்.

கம்பியில் தொங்குகிற கதிரை எங்கள் முழங்காலுக்குப் பின்னால் வந்து முட்டி, மூவரையும் அள்ளிக்கொண்டு மேலே போனது. கால்கள் வெறும் காற்றில் தொங்கின. எங்களுக்கு முன்னால் சைக்கிள்கள் கொளுவியில் மாட்டப்பட்டு, ஆளில்லாமல், ஒன்றின் பின் ஒன்றாக வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன. கீழே மரங்களின் தலைகள். நான் மரங்களின் தலைகளை அதற்கு முன் பார்த்ததே இல்லை. மகள் நடுவில் இருந்தாள். அவளுடைய ஒரு கை தாயின் மடியில் இருந்தது. மற்றக் கை கம்பியைத்தான் பிடித்திருந்தது, என்னை அல்ல.

உச்சியில் இறங்கித் திரும்பியபோது நான் என்னையே மறந்துபோனேன். மலையடிவாரத்துக்கு அப்பால் ஏரி கிடந்தது. ஏரி என்று சொல்லிவிடலாம், ஆனால் அதற்குக் கரை இல்லை. நீலம் போய்ப் போய் வானத்தோடு சேர்ந்துவிட்டது. நாங்கள் வந்த வீதி ஒரு நூலாகக் கிடந்தது. இந்த நாட்டில் பதினொரு வருடமாக இருக்கிறேன், இப்படியொன்று இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருந்திருக்கிறது, நான் குசினிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மனைவி சால்வையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கண்கள் ஏரியில் இல்லை, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் முன்னாலை போறன். பிள்ளை, நீ அப்பாவோடை மெல்லமா வா," என்றாள். பஞ்சாபிச் சட்டையின் நுனியைச் சொருகிக்கொண்டு ஏறினாள். "நில்லும், நான்..." என்று நான் தொடங்குமுன் அவள் முதல் வளைவில் மறைந்துவிட்டாள்.

நானும் ஏறினேன். ஒரு தரம்தான் மிதித்தேன். பிறகு மிதிக்கத் தேவையிருக்கவில்லை. அதை எப்படிச் சொல்வது? வாழ்நாள் முழுக்கக் கூலி கொடுத்தே வாங்கிய ஒரு சாமானை யாரோ சும்மா தூக்கித் தந்த மாதிரி இருந்தது. சைக்கிள் தன்பாட்டில் ஓடியது. காற்று காதில் இரைந்தது. இரண்டு பக்கமும் புல் பச்சைக் கோடாக ஓடியது. பண்ணைப் பாலத்தில் பட்ட பாடெல்லாம் யாரோ திருப்பித் தருகிறார்கள் என்று தோன்றியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பின்னால் வந்த மகளும் சிரித்தாள், எனக்குக் கேட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் அந்த ஒரு வருடத்தில் கேட்ட முதல் சிரிப்பு.

இரண்டாவது வளைவு தெரிந்தது. வேகம் கொஞ்சம் கூடிவிட்டது என்று பட்டது. பதறவில்லை. ஊரில் எத்தனை வருடம் ஓடிய கை! வலக்கைப் பிறேக் முன் சில்லுக்கு, இடக்கைப் பிறேக் பின் சில்லுக்கு. வேகத்தில் முன் சில்லைப் பிடித்தால் குப்புற விழுவாய் என்பது எங்கள் ஊரில் பழகும்போதே எல்லோருக்கும் சொல்லித் தருவது. ஆகவே இடக்கையை, நம்பி, முழுப் பலத்தோடு பிடித்தேன்.

முன் சில்லு நின்றது. சைக்கிளின் பின்பக்கம் எழுந்தது. நான் கான்டிலைத் தாண்டிப் பறந்து புல்லில் விழுந்து, இன்னும் இரண்டு புரட்டுப் புரண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இடது மணிக்கட்டு நெருப்பாய் எரிந்தது. தொப்பி மட்டும் இல்லையென்றால் இதை இப்போது எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

மகள் அழகாக நிறுத்தி, சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு ஓடி வந்தாள். என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"ஏன் இடது கையைப் பிடிச்சனீங்கள்? அது முன் சில்லெல்லோ. இஞ்சை வலது கைதான் பின் சில்லு. உங்களுக்குத் தெரியாதே?"

அவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தைகள் அவைதான். ஒரு வருடமாகக் காத்திருந்த வார்த்தைகள். அவற்றை இரசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. வாடகைக்கு விட்ட பெண் இடப்பக்கப் பிறேக்கைத் தொட்டு விரலை ஆட்டியது அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. அதை நான் தொப்பி என்று மொழிபெயர்த்திருந்தேன். பிள்ளை சைக்கிள் பழகியது இங்கே, அவள் கை இங்கத்தைய கை, தப்பிவிட்டது. ஆனால் மனைவியின் கை? அதுவும் ஊர்க்கைதானே. அவளும் இடக்கையைத்தான் பிடிப்பாள். அவள் எங்களுக்கு முன்னால், இதைவிடச் செங்குத்தான இடத்தில், நான் சொன்ன பொய்யை நம்பிக்கொண்டு போகிறாள்.

வளைவின் விளிம்புக்கு ஓடினேன். மணிக்கட்டை மற்றக் கையால் தாங்கிப் பிடித்தபடி ஓடினேன். அங்கிருந்து பார்த்தால் பாதை கீழே இடமும் வலமுமாக மடிந்து மடிந்து இறங்குவது தெரிந்தது. ஆளைக் காணவில்லை. நான் என்ன செய்துவிட்டேன்! குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பி வந்த மனுசியை என் வாய்ப்பவுசுக்காக ஒரு மலையில் தள்ளிவிட்டேனே! பெயரைச் சொல்லிக் கத்தினேன். காற்று சத்தத்தை எதிர்ப்பக்கம் அள்ளிக்கொண்டு போனது.

பிறகு அவள் எனக்கு நேர் கீழே மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தாள்.

பாதையின் மிகச் சரிவான துண்டு அது. முதுகு நேராக இருந்தாள். கான்டிலைப் பிடித்திருந்த கைகள் இரண்டிலும் விரல்கள் பிறேக்கில் இல்லை, கைப்பிடியைச் சுற்றி மூடியிருந்தன. வலக்கால் பெடலில் இல்லை. அதைத் தூக்கி, சப்பாத்தின் அடியை முன் சில்லின் ரயரில் வைத்திருந்தாள். வேகம் கூடும்போது அழுத்தினாள். குறையும்போது விட்டாள். அவசரமே இல்லை. ஒருத்தி தையல் மெஷினை மிதிக்கிற நிதானத்தோடு, ஒரு மலையில் இறங்கிப் போனாள். வளைவில் இடப்பக்கம் சாய்ந்தாள், சால்வை நுனி படபடத்தது, திரும்பினாள், மறைந்தாள், இன்னும் கீழே மீண்டும் தெரிந்தாள். ஏரியைப் பார்த்து என்னையே மறந்தேன் என்று சொன்னேனே, அந்த ஏரி இதற்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

"அம்மா எப்பவும் அப்பிடித்தான்," என்றாள். "அங்கை பிறேக் கட்டை வாங்கேலாது. சண்டையாலை சாமான் ஒண்டும் வராது. எல்லாரும் காலாலைதான் நிப்பாட்டுறவை. நான் பின்னாலை கரியரிலை இருப்பன். முன்னாலை மண்ணெண்ணெய் கான் தொங்கும். அம்மா காலை வைச்சா ரப்பர் எரியிற மணம் வரும். மணம் வந்தா நான் இறுக்கிப் பிடிப்பன்."

"எவ்வளவு காலம்?"

"எனக்குத் தெரிஞ்ச நாள் முழுக்க. ஒருக்கா மழையிலை வழுக்கி கால் சில்லுக்குள்ளை போயிட்டுது. தழும்பு இருக்கெல்லோ, நீங்கள் பாக்கேல்லையே?"

பார்த்திருந்தேன். கேட்டும் இருந்தேன். கல் தடக்கியது என்று மனைவி சொல்லியிருந்தாள். பத்து வருடமாக வந்த கடிதங்களிலும் "நாங்கள் இங்கு நல்ல சுகம், உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றுதான் இருந்தது. நான் அதை எழுத்துக்கு எழுத்து நம்பினேன். நான்தான் கஷ்டப்படுகிறேன் என்று குசினியில் நின்று என்னை நினைத்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அவள் ஒரு பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு, பிறேக் இல்லாத சைக்கிளில், ஷெல் விழுகிற வீதிகளில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, ஒரு பயபக்தி என்றுதான் சொல்லவேண்டும், அது வந்தது.

மிச்ச மலையை நான் நடந்தே இறங்கினேன். மகள் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடேயே வந்தாள். என் சைக்கிளை நான் ஒற்றைக் கையால் உருட்ட, சரிவான இடங்களில் அவள் ஒரு கையால் அதையும் பிடித்துக்கொண்டாள்.

அடிவாரத்தில் மனைவி புல்லில் அமர்ந்து பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் கையைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். முறியவில்லை, சுளுக்கு என்று தீர்ப்புச் சொல்லி, சால்வையை அவிழ்த்து மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினாள். மகள் ஒரு கட்லட்டை வாயில் போட்டுக்கொண்டு கதிரை ஏறுகிற இடத்தை வேடிக்கை பார்க்கப் போனாள்.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. "இஞ்சாரும்," என்றேன். "அந்தப் பெட்டை சொன்னது தொப்பியைப் பற்றி இல்லை. பிறேக்கைப் பற்றி. அவள் சொன்னது எனக்கு விளங்கேல்லை. விளங்கின மாதிரிச் சொன்னனான்."

"தெரியும்," என்றாள். முடிச்சை இறுக்கினாள். "அவ பிறேக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டினவ. நீங்கள் தொப்பி எண்டியள். ஏதோ பிழை எண்டு விளங்கிச்சுது. அதுதான் நான் பிறேக்கைத் தொடவேயில்லை. பிள்ளை இஞ்சத்தைச் சைக்கிளிலை பழகினவள்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் பதினொரு வருசமா இஞ்சை இருக்கிற ஆள். பாசைதான் விளங்கேல்லை எண்டு நினைச்சன். சைக்கிளும் தெரியாதெண்டு நான் நினைக்கேல்லை." உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அடங்கவில்லை. நானும் சிரித்தேன், கை வலித்தது.

சிரிப்பு ஓய்ந்த பிறகு கேட்டேன். "எனக்கு இங்கிலீசு விளங்காதெண்டு எப்ப தொடக்கம் தெரியும்?"

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை சேர்க்கப் போன அண்டு. அந்த ரீச்சர் கையிலை ஊசி போடுற மாதிரிக் காட்டிக் கேட்டவ. நீங்கள் யா யா எண்டு பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் குடுத்தியள்."

அது அவர்கள் வந்த இரண்டாம் கிழமை. ஒரு வருடமாக நான் எடுத்த வேடம் எல்லாம் கண் முன்னால் வந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "பிறகேன் ஒவ்வொண்டுக்கும் என்னைக் கேட்டுக் கேட்டு நடந்தனீர்? என்னைப் பேக்காட்டி விளையாடவே?"

அவள் கட்டுப்போட்ட என் கையைத் தன் மடியில் வைத்தபடி, நாங்கள் இறங்கி வந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து வருசம் ஆரையும் கேக்க ஆளில்லாமல் எல்லாத்தையும் நானே முடிவெடுத்தனான்," என்றாள். "எந்த றோட்டாலை போறது, எப்ப ஓடுறது, எங்கை படுக்கிறது, எல்லாம். ஒண்டு பிழைச்சாலும் பிள்ளையின்ரை உயிர் போயிடும். நீங்கள் சொன்னது சரியோ பிழையோ, பக்கத்திலை ஒராளைக் கேக்க எனக்கு ஆசையா இருந்தது."

நான் அவளுக்கு முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. மகள் தூரத்தில் வரிசையில் நின்றுகொண்டு, இன்னொரு தரம் மேலே போகலாம் வாங்கோ என்று எங்கள் இரண்டு பேரையும் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.